கோல்பேஸ் ஹோட்டலில் ஒரு தேத்தண்ணி

அக்கா வேலை செய்யும் கம்பனியில் வருட முடிவுக்குக் குலுக்கல் போட்டு ஆளுக்கொரு என்வலப் கொடுத்திருக்கிறார்கள். நிறையப் பேருக்கு கேக் பெட்டி. அக்காவுக்கு விழுந்தது கோல்பேஸ் ஹோட்டலில் இரண்டு பேருக்கு ஹை டீ. "சனிக்கிழமை வா. சப்பாத்து போட்டுட்டு வா, செருப்போட வந்து மானத்த வாங்காத" என்று போனில் சொன்னாள். பேராதனை விடுதியில் பக்கத்து அறைப் பொடியனிடம் சப்பாத்தை இரவல் வாங்கிக்கொண்டு கண்டியில் கொழும்பு பஸ் ஏறினேன். இது நடந்தது 2024 டிசம்பரில்.

அந்த ஹோட்டலை பஸ்ஸில் இருந்து நூறு தடவை பார்த்திருக்கிறேன். காலிமுகத்திடல் முடியும் தெற்கு முனையில், ஒரு பக்கம் காலி வீதி, மற்றப் பக்கம் கடல். கதவு வரை நடந்து போனது அதுதான் முதல் தடவை. வெள்ளை உடுப்புப் போட்ட ஒருவர் கதவைத் திறந்து கைகூப்பினார். எங்களுக்குப் பின்னால் யாராவது பெரிய ஆட்கள் வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. எங்களுக்குத்தான்.

அந்தக் கதவில் இருந்தே தொடங்கலாம். உலகத்திலேயே வயதான ஹோட்டல் வாயிற்காப்பாளர் என்று பெயர் வாங்கிய ஒருவர் அங்கேதான் நின்றார். பெயர் சாத்துக்குட்டன். கேரளாவில் பிறந்து, 1938இல் வேலை தேடி இலங்கைக்கு வந்து, 1942இல் இந்த ஹோட்டலில் சேர்ந்தவர். 2014 நவம்பரில் இறக்கும்போது வயது 94. வெள்ளை மீசையும் வெள்ளைக் கோட்டுமாக அவர் சிரிக்கும் படம் இல்லாத பயணக் கட்டுரையே அந்தக் காலத்தில் இல்லை எனலாம். எல்லாப் படத்திலும் கதவோடுதான் நிற்கிறார்.

அவர் வந்த வருடத்தை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். 1930களில் கொழும்பில் மலையாளிகளுக்கு எதிராகப் பெரிய பிரசாரம் நடந்தது. வேலையைப் பறிக்க வந்தவர்கள் என்று. 1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு இருந்த இந்தியர்களை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அதைப் பற்றிப் பேசத்தான் அந்த வருடம் ஜூலையில் நேரு இலங்கைக்கு வந்தார். அந்தப் பயணத்தில் உருவானதுதான் இலங்கை இந்தியன் காங்கிரஸ், பிறகு இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஆனது. நேருவின் பெயர் ஹோட்டல் பெருமையாகச் சொல்லும் விருந்தாளிகள் பட்டியலில் இருக்கிறது. பெரியவர்கள் பேச்சுவார்த்தைக்கு வந்து போகிற ஊரில், அதே கடலைத் தாண்டி வந்த ஒரு இருபது வயதுக்காரர் வேலை தேடி அலைந்திருக்கிறார் என்பதை நான் அங்கே நிற்கும்போது நினைக்கவில்லை. பிறகு வாசிக்கும்போதுதான் உறைத்தது.

ஹோட்டல் தன் வயதைச் சொல்ல வெட்கப்படுவதில்லை. 1864 என்ற எண்ணை எங்கே திரும்பினாலும் பார்க்கலாம். சூயஸுக்குக் கிழக்கே இருக்கும் மிகப் பழைய ஹோட்டல்களில் ஒன்று என்பது அவர்களுடைய பெருமை. இதில் ஒரு சின்னப் பகிடி இருக்கிறது. சூயஸ் கால்வாய் திறந்தது 1869இல். ஹோட்டல் அதற்கு ஐந்து வருடம் மூத்தது. அப்போது ஐரோப்பாவில் இருந்து வரும் பெரிய கப்பல்கள் கொழும்பில் நிற்கவும் இல்லை, காலியில்தான் நின்றன. கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் வைத்ததே 1875இல்தான்.

அப்படியென்றால் நான்கு வெள்ளைக்காரர்கள் சேர்ந்து, ஒல்லாந்தர் கால வீடொன்றை 1864இல் ஹோட்டலாக மாற்றியது யாரை நம்பி?

கோப்பியை நம்பித்தான் என்பது என் கருத்து. அந்த நேரம் இலங்கையின் காசு என்றால் கோப்பி. மலையில் பறித்த கோப்பி கொழும்புக்கு வந்து, இங்கே காய்ந்து, புடைத்து, தரம் பிரித்துக் கப்பல் ஏறியது. அதோடு துரைமாரும், வியாபாரிகளும், வங்கிக்காரரும் வந்து போனார்கள். அதே 1864 டிசம்பரில்தான் இலங்கையின் முதல் ரயில் கொழும்பில் இருந்து அம்பேபுஸ்ஸ வரை ஓடியது. மூன்று வருடத்தில் பாதை கண்டிக்கு ஏறியது. உடரட்ட மெனிக்கேயில் தொங்கிக்கொண்டு செல்பி எடுக்கிறோமே, அந்தப் பாதையின் முதல் பகுதி கோப்பி மூட்டை இறக்கப் போட்டது.

1864இல் இன்னொன்றும் நடந்தது. மலையக வரலாறு எழுதியவர்கள் திரும்பத் திரும்பக் குறிப்பிடும் சம்பவம். கோப்பித் தோட்டத்துக்கு ஆள் ஏற்றி வந்த ஆதிலட்சுமி என்ற கப்பல் கடலில் மூழ்கி 120 பேர் செத்தார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். அந்த 120 பேரின் பெயர்ப் பட்டியலை நான் எங்கேயும் பார்த்ததில்லை. கரைக்கு வந்து சேர்ந்தவர்கள் மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். காய்ச்சலிலும் கொலராவிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கில். 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு நடந்தது அந்தப் பாதையை நினைத்துத்தான். எங்கள் தோட்டத்தில் இருந்தும் நாலு பேர் போனார்கள். திரும்பி வரும்போது கால் வீங்கி வந்தார்கள், ரோட்டில் தார் இருந்தும்.

ஒரே வருடம். ஒரு ஹோட்டல், ஒரு ரயில், ஒரு கப்பல். மூன்றையும் ஓட வைத்த காசு கோப்பிக் காசு.

சரி, மேசைக்கு வருவோம்.

கடலைப் பார்த்த வராண்டாவில் உட்கார வைத்தார்கள். கீழே புல்தரை, அதற்கப்பால் அலை. மூன்று தட்டு உள்ள ஸ்டாண்ட் வந்தது. கீழ்த்தட்டில் ஓரம் வெட்டிய சான்ட்விச், நடுவில் ஸ்கோன், மேலே கேக்கும் இனிப்பும். சான்ட்விச் விரல் அளவுதான். நான் இரண்டை ஒன்றாக வாய்க்குள் போட்டேன், அக்கா மேசைக்குக் கீழே மிதித்தாள். ஸ்கோனை கத்தியால் வெட்டாமல் கையால் பிரிக்க வேண்டும் என்று அவள் யூடியூபில் பார்த்து வந்திருந்தாள். கிரீமும் ஜாமும் தடவிச் சாப்பிட்டேன். நல்லா இருந்துச்சு. இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய் ஆகிவிடும். இரண்டாவது சொக்லட் கேக்கை எடுக்கும்போது எனக்கு வரலாறு ஒன்றும் ஞாபகத்தில் இல்லை.

ஹை டீ என்ற பெயருக்கு ஒரு தலைகீழ்க் கதை உண்டு. பின்னேரம் நாலு மணிக்கு சான்ட்விச்சும் கேக்கும் வைத்துத் தேநீர் குடிப்பது இங்கிலாந்துச் சீமாட்டிகளின் பழக்கம். 1840களில் பெட்ஃபோர்ட் சீமாட்டி ஒருவர் தொடங்கியது என்று சொல்வார்கள். அதற்குப் பெயர் ஆஃப்டர்நூன் டீ. ஹை டீ வேறு. ஆலையிலும் சுரங்கத்திலும் வேலை முடிந்து வந்த தொழிலாளிகள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ரொட்டி, இறைச்சி, உருளைக்கிழங்கு என்று வயிறு நிறையச் சாப்பிட்டுத் தேத்தண்ணி குடித்ததுதான் ஹை டீ. கூலிக்காரரின் இராச்சாப்பாடு. 'ஹை' என்ற சொல்லை உயர்ந்தது என்று எடுத்துக்கொண்டு உலகம் முழுக்க ஹோட்டல்கள் சீமாட்டிகளின் சிற்றுண்டிக்கு அந்தப் பெயரைப் போட்டுவிட்டன. அன்று அக்காவும் நானும் சாப்பிட்டது உண்மையான ஹை டீ என்றால் ஸ்டாண்டில் ரொட்டியும் கட்டச் சம்பலும் இருந்திருக்க வேண்டும்.

பிறகு தேநீர்ப் பட்டியல் வந்தது. நுவரெலியா, திம்புள, ஊவா என்று பிரதேசம் பிரதேசமாக. வெயிட்டர் அண்ணா ஒவ்வொன்றையும் பொறுமையாக விளங்கப்படுத்தினார். நுவரெலியா மெல்லிசு, பால் வேண்டாம். ஊவாவில் ஒரு குளிர்ச்சி இருக்கும். சில்வர் டிப்ஸ் என்றால் மொட்டு மட்டும். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். எங்கள் அப்பாயி 38 வருடம் கொழுந்து பறித்தவர். நுவரெலியாப் பக்கம்தான். அவரிடம் கேட்டால் கொழுந்துக்கு வேறு கணக்கு. ரெண்டு இலை ஒரு மொட்டு. முத்தின இலை கூடைக்குள் இருந்தால் நிறுக்கும்போது ஏச்சு. நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். ஒரு கிலோ தூளுக்கு நாலரைக் கிலோ போலப் பச்சைக் கொழுந்து வேண்டும். லயத்துக்குத் தோட்டம் கொடுக்கும் தூளில் காய்ச்சுவதுதான் அவருக்குத் தேத்தண்ணி. கறுப்பாக, கடும் சாயமாக, உள்ளங்கையில் சீனி வைத்து நக்கிக்கொண்டு குடிப்பது.

1864இல் இந்த இடத்தில் யாராவது சிலோன் டீ கேட்டிருந்தால் ஆள் முழித்திருப்பான். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டது 1867இல். 1869இல் கோப்பி இலையில் துரு மாதிரி ஒரு பூஞ்சண நோய் கண்டது, இருபது வருடத்துக்குள் கோப்பியே போய்விட்டது. தோட்டத்தை இழந்த துரைமார் எத்தனையோ பேர். ஹோட்டல் போகவில்லை. கோப்பிக் காசு போய்த் தேயிலைக் காசு வந்தது, கொழும்பு பெரிய துறைமுகம் ஆனது, 1890களில் ஹோட்டலும் பெருத்தது.

இந்த மாற்றத்தில் எங்கள் ஆட்களுக்கு நடந்ததுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். கோப்பி பருவத்துப் பயிர். பறிக்கும் காலத்துக்கு வந்து, முடிந்ததும் நிறையப் பேர் ஊருக்குத் திரும்பினார்கள். தேயிலை அப்படி இல்லை. வருடம் முழுக்கக் கொழுந்து வரும், வாரம் தவறாமல் மலைக்குப் போக வேண்டும். அதனால் ஆம்பிளைகள் மட்டும் வந்து போவது நின்று குடும்பம் குடும்பமாக இறங்கினார்கள். பொம்பளைகளின் கைக்கு வேலை வந்தது. லயம் நிரந்தரம் ஆனது. கோயில் வந்தது, சுடுகாடு வந்தது. எங்களை இந்த நாட்டில் இருத்தியது தேயிலை. இருத்திவிட்டு, 1948இல் சுதந்திரம் வந்த கையோடு, 18ஆம் இலக்கச் சட்டத்தைக் கொண்டுவந்து நீங்கள் இந்த நாட்டுப் பிரஜை இல்லை என்று சொன்னார்கள்.

சாப்பிட்டு முடித்து உள்ளே சுற்றிப் பார்த்தோம். ஹோட்டலுக்குள்ளேயே சின்ன அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு பழைய கார் நிற்கிறது. 1935ஆம் ஆண்டு ஸ்டாண்டர்ட் நைன். இங்கிலாந்து இளவரசர் பிலிப், கடற்படையில் இருந்த இளம் வயதில், 1940இல் இலங்கையில் வாங்கிய அவருடைய முதல் கார். தங்கியவர்கள் பட்டியலும் லேசுப்பட்டது இல்லை. காந்தி, விண்வெளிக்குப் போன யூரி ககாரின், சினிமா நடிகை விவியன் லீ. ஆதர் சி. கிளார்க் தன் '3001' நாவலின் கடைசிப் பகுதியை இங்கே இருந்துதான் எழுதி முடித்தார். இதையெல்லாம் நான் நக்கலுக்குச் சொல்லவில்லை. ஒரு கட்டடம் தன்னிடம் வந்து போனவர்களை இப்படி ஞாபகம் வைத்திருப்பது நல்ல விசயம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த ஹோட்டல் பல காலமாக கார்டினர் குடும்பத்தின் கையில். கொம்பனித்தெருவில் வீதிப் பெயராக இருக்கும் சேர் சிற்றம்பலம் கார்டினர், சிலோன் தியேட்டர்ஸ் நடத்தியவர், தமிழர். ஆகவே உள்ளே வெள்ளைக்காரன், வெளியே தமிழன் என்று நான் மனதுக்குள் போட்டுக்கொண்டு போன கோடு கோணல்தான். கதவுக்கு இந்தப் பக்கமும் தமிழர் இருந்தார்கள். எந்தத் தமிழர் என்பதில்தான் கதை இருக்கிறது.

அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது மனதில் வந்த வருடம் 1964. ஹோட்டலுக்கு அப்போது நூறு வயது. அந்த வருடம் ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவும் சாஸ்திரியும் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மொத்தம் 975,000 பேர். அதில் 525,000 பேரை இந்தியா எடுக்கும், 300,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுக்கும், மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம். பிறகு பார்த்து, 1974இல் பாதிக்குப் பாதி பிரித்தார்கள். அந்த 975,000 பேரில் யாரிடமும் கேட்கவில்லை. அப்பாயிக்கு அப்போது 21 வயது, இந்த மலையிலேயே பிறந்தவர். அவருடைய தங்கச்சி குடும்பத்துக்கு இந்தியா விழுந்தது. மலைநாட்டில் இருந்து தலைமன்னாருக்குப் போகும் அந்த ரயிலுக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் அழுகைக் கோச்சி. மன்னாரில் இருந்து நடந்து ஏறியவர்களின் பேரப்பிள்ளைகள் கோச்சி ஏறி அதே மன்னாருக்கு இறங்கினார்கள். அப்பாயி இங்கேயே தங்கிவிட்டார், எந்தக் கணக்கிலும் சேராமல். 2003இல் வந்த சட்டத்தால்தான் அவருக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. அறுபது வயதில்.

வெளியே வந்தபோது திடல் முழுக்கச் சனம். பட்டம் விடுகிற பிள்ளைகள், இஸ்ஸோ வடை வண்டிகள். 1859இல் கவர்னர் ஹென்றி வார்ட் இந்த நடைபாதையைப் பெண்கள், சிறுவர்களின் நன்மைக்காக என்று சொல்லி முடித்து வைத்தார், அதற்கு ஒரு கல்லும் இருக்கிறது. அந்தக் கல்லில் எழுதாத கதைகள் நிறைய. திடலின் மற்ற முனையில், பழைய பாராளுமன்றத்துக்கு முன்னால், 1956 ஜூன் 5ஆம் திகதி செல்வநாயகமும் தமிழரசுக் கட்சிக்காரரும் தனிச்சிங்களச் சட்டத்துக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் இருந்து அடி வாங்கினார்கள். அமிர்தலிங்கம் உடைந்த மண்டைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு பாராளுமன்றத்துக்குள் போனார். 2022 ஏப்ரலில் அங்கேதான் கோட்டா கோ கம. அந்த வருடம் மே 18 அன்று முள்ளிவாய்க்கால் கஞ்சி அங்கே காய்ச்சிக் கொடுத்தார்கள். சிங்களப் பிள்ளைகளும் வரிசையில் நின்று வாங்கிக் குடித்தார்கள்.

எனக்கு நெருக்கமானது இரண்டுக்கும் நடுவில் வரும் ஒரு நாள். 2018 ஒக்டோபர் 24. தோட்டத் தொழிலாளிக்கு நாட்சம்பளம் 1000 ரூபா வேண்டும் என்று ஆயிரக்கணக்கான மலையக இளைஞர்கள் கறுப்பு உடுப்போடு இந்தத் திடலில் கூடினார்கள். அப்போது அடிப்படைச் சம்பளம் 500 ரூபா. அப்பா இளைஞர் இல்லை, இருந்தாலும் வந்தார். ராவோடு ராவாக பஸ் ஏறி, கறுப்புச் சட்டை இல்லாமல் ஐயப்பன் சாமிக்குப் போட்டதைப் போட்டுக்கொண்டு. அந்த ஆயிரம் ரூபா 2021இல்தான் வந்தது. 2024 செப்டம்பரில் 1350 ஆனது. அன்று திடலில் நின்ற அப்பா, முனையில் தெரிந்த ஹோட்டலைக் காட்டி, "அது என்னா, கச்சேரியா?" என்று பக்கத்தில் நின்ற பொடியனிடம் கேட்டாராம்.

வவுச்சரில் விலை இல்லை. ஆனால் மேசையில் இருந்த அட்டையில் இருந்தது. ஒரு ஆளுக்கான தொகையை 1350ஆல் பிரித்துப் பார்த்தேன். ஒரு நாள் சம்பளத்துக்குள் அடங்கவில்லை, ரெண்டு நாளுக்குள்ளும் அடங்கவில்லை. அக்கா, "கணக்குப் பாக்காத, வயித்துல இருந்து இறங்காது" என்றாள்.

சுவரில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டோம். அப்பா எடுத்தார். "அந்தக் கச்சேரிக்குள்ளயா போனீங்க?" என்று சிரித்துவிட்டு போனை அப்பாயியிடம் கொடுத்தார். அப்பாயிக்குக் கார், காந்தி, கேக் ஒன்றும் பெரிதாகப் படவில்லை.

"தேத்தண்ணி எப்புடிடா இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு அப்பாயி. மெல்லிசா. நுவரெலியாத் தூளாம்."

"எந்தத் தோட்டமாம்?"

பட்டியலில் அது இருந்ததாக ஞாபகம் இல்லை. தெரியாது என்றேன்.

"சரி. சீனி குடுத்தானுங்களா?"

அக்கா ஹேன்ட்பேக்கைத் திறந்து காட்டினாள். காகிதத்தில் சுற்றிய சீனி, நாலு.